புற்றுமண் போன தூரம்

சிங்கப்பூர் விமான நிலையத்திலிருந்து மெல்பர்ன் விமான நிலையத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டரும் கொஞ்சமும் ஆகிறது. பறக்கும் நேரம் ஏழு மணி நாற்பது நிமிடம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சங்கரன்கோவிலில் என் வீட்டு அடுக்களையில், அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தபோது, நானே செல்போனில் தேடிக் கண்டுபிடித்தேன். பேசாமல் பாலைப் பார்த்திருக்கலாம்.

முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று நோட்டில் எழுதுவதும், பிந்தி வரும் டிரைவரைப் பிடித்துக் கத்துவதும்தான் வேலை. "வழியில மாடு படுத்துக் கிடந்தா நான் என்ன செய்ய அண்ணாச்சி?" என்பார்கள். "அந்த மாட்டையும் ஏத்திக்கிட்டு நேரத்துக்கு வாரும்வே" என்பேன். வாய் அப்படி. அந்த வாய்க்குப் பின்னால் இருப்பது முழுக்கப் பயம் என்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். தென்காசி வண்டி அரைமணி பிந்தினால் போதும், வழியில் இருக்கிற புளியங்குடிக்குப் போன் போடுவேன். "இப்பத்தான் தாண்டிப் போச்சு" என்று அங்கிருந்து சொன்ன பிறகுதான் டீ தொண்டையில் இறங்கும்.

அன்றைக்கு என் மகள் ஏறியிருந்த வண்டிக்கு நடுவில் புளியங்குடி கிடையாது. கீழே கடல்தான். யாருக்குப் போன் போட்டுக் கேட்பது?

மகள் நர்ஸ். அவள் அம்மாவும் நர்ஸ்தான், அரசு ஆஸ்பத்திரியில். வெளிநாட்டு வேலைக்காக மகள் ரெண்டு வருஷம் பரீட்சை மேல் பரீட்சை எழுதினாள். ஒன்றில் தோற்று, ஒரு வாரம் யாரோடும் பேசாமல் கிடந்து, மறுபடி எழுதி ஜெயித்தாள். மெல்பர்னில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். பால் பொங்கிய அந்தக் காலைக்கு முந்தின நாள் மத்தியானம் தோழி ஒருத்தியின் காரில் செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து சிங்கப்பூர் விமானம் ஏறினாள். ஏர்போர்ட்டுக்கு எங்களை வர வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். "எப்பா, நீங்க அங்கன வந்து நின்னா எல்லாருகிட்டயும் டைம் கேட்டுச் சண்டை போடுவிய" என்றாள். அது உண்மைதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து பேசினாள். "அடுத்த பிளேன்ல ஏறப் போறேன். இனி மெல்பர்ன்ல இறங்கித்தான் பேசுவேன். பயப்படாம சாப்பிடுங்க." அவள் அம்மா போனை வாங்கி, "தண்ணி குடிச்சுக்கிட்டே இரு, கால மடக்கியே வச்சிருக்காத" என்று நோயாளியிடம் சொல்வதுபோல நாலு வார்த்தை சொன்னாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். மகள் ஆகாயத்தில் போகிற நாளில் லீவு போடாத பொம்பளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "வீட்டுல இருந்தா மட்டும் பிளேனத் தாங்கிப் பிடிக்கவா போறேன்?" என்று வாசலில் நின்று கேட்டாள். என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன்.

அவள் போன பிறகுதான் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தேடினேன். ஆறாயிரம் கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. அந்த எண் மண்டையில் ஏறவில்லை. எனக்குத் தெரிந்த கணக்கில் போட்டுப் பார்த்தேன். இங்கிருந்து திருநெல்வேலி ஒரு சிங்கிள், அதாவது ஒரு வழி ஓட்டம், ஐம்பத்தைந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு டிரைவர் நாளைக்கு நாலு சிங்கிள் ஓட்டினால் ஆறாயிரத்தைத் தொட ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். அந்த ஒரு மாச ஓட்டத்தை என் பிள்ளை ஏழு மணி நாற்பது நிமிஷத்தில், இடையில் ஒரு டீக்குக்கூட நிறுத்தாமல் போகப் போகிறாள். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. துடைக்கவும் தோன்றாமல் அந்தப் பக்கத்தைக் கீழே கீழே தள்ளிப் படித்துக்கொண்டே போனேன். இறங்கும் நேரம், அங்கே குளிரா வெயிலா, எல்லாம் இருந்தது. கடைசியில், அந்த நாட்டுக்குள் கொண்டு போகக் கூடாதவை என்று ஒரு பட்டியல். பழம், விதை, பால் சாமான். அதற்கடுத்த சொல்லில் என் விரல் நின்றுவிட்டது.

மண்.

மறைத்துக் கொண்டு வந்தால் பெரிய அபராதம், விசாவையே ரத்து செய்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பவும் கூடும் என்று எழுதியிருந்தது. இறங்குவதற்கு முன்பே விமானத்தில் ஓர் அட்டை கொடுப்பார்களாம். மண் வைத்திருக்கிறாயா, ஆமா, இல்லை என்று குறிபோட்டுக் கையெழுத்து இட வேண்டுமாம்.

என் மகளின் பெரிய பெட்டியில், உள்பக்கத் துணிக்கு ஜிப் வைத்த அறையில், ஒரு பொட்டலம் புற்றுமண் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் வைத்தவன் நான்.

எங்கள் ஊர்க்காரனிடம் போய் மண் வைத்திருக்கிறாயா என்று கேட்டால் அவன் வயலைத்தான் நினைப்பான். கோமதி அம்மன் சன்னதியிலிருந்து எடுத்துவரும் புற்றுமண் எங்களுக்கு அந்தக் கணக்கில் வராது. அது நெற்றிக்கு இடுவது, சொறி சிரங்குக்குப் பூசுவது, பூச்சி பொட்டு அண்டாமல் வீட்டில் வைப்பது. மகளுக்கு ஆறு வயதில், கொல்லையில் நின்றிருந்தவளின் பாதத்து மேலேயே ஒரு பாம்பு ஊர்ந்து போனது. அவள் அசையாமல் நின்றாள், அது பாட்டுக்குப் போய்விட்டது. அன்றைக்கு அவள் நெற்றியில் இட்ட புற்றுமண்ணை அதற்குப் பிறகு எந்தப் பயணத்துக்கும் நான் விட்டதில்லை. பரீட்சைக்குப் போனாலும் சரி, நாகர்கோவில் காலேஜுக்குப் போனாலும் சரி. மெல்பர்ன் என்றதும் அந்த நாட்டில் என்னென்ன பாம்பு இருக்கிறது என்று போனில் பார்த்தேன். பார்த்த பிறகு மூணு நாள் சோறு இறங்கவில்லை.

மனைவியிடம் சொல்ல முடியாது. பாம்பு கடித்தவனைப் புற்றுமண் பூசி ரெண்டு மணி நேரம் வீட்டில் வைத்திருந்துவிட்டு, அப்புறம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறவர்களிடம் அவள் போடுகிற சண்டை ஊர் முழுக்கத் தெரியும். "மண்ணு என்னத்தக் கேக்கும்? ஊசிதான் கேக்கும்" என்பாள். மகளுக்கு மருந்துப் பை கட்டிக் கொடுத்தவளும் அவள்தான். பெட்டி அடுக்கும்போதே நாரத்தங்காய் ஊறுகாய், மோர் மிளகாய் எல்லாவற்றையும் மகள் வெளியே எடுத்துப் போட்டாள். "அங்கன எதுக்கெடுத்தாலும் கேள்வி கேப்பாங்கப்பா" என்றாள். தின்கிற சாமானைத்தான் சொல்கிறாள் என்று நான் நினைத்தேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் பொட்டலத்தை ஜிப்புக்குள் திணித்து மூடினேன். சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். படுபாவி.

வீட்டில் இருக்க முடியவில்லை. விமானம் எங்கே போகிறது என்று காட்டுகிற ஒரு ஆப்பை மகளே என் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். நீலக் கடலில் மஞ்சளாய்ச் சின்ன விமானம் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். டீக்கடையில் என் கையில் அதிகம் திட்டு வாங்கிய பழைய டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் போனை எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பிளேனுக்கும் டைம் போடுதியளோ? பிந்தினா அந்த பைலட்டு தொலைஞ்சான்."

பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கோ நடந்த கதைபோல மெல்லக் கேட்டேன். "ஒருத்தன் பையில அவனுக்குத் தெரியாம வேற ஒருத்தன் எதையாவது வச்சிட்டா, செக்கிங்ல யாருவே மாட்டுவா?"

"பை யாருதோ அவன்தான் மாட்டுவான். எனக்குத் தெரியாதுன்னா எந்தச் செக்கர் நம்புவான்? களவாணிப்பய எல்லாவனும் அதத்தான சொல்லுவான்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "என்ன, ஒரு மாதிரி இருக்கிய? பிரஷர் மாத்திரை போட்டாச்சா?" என்றார்.

அந்தப் பதில் என்னைக் கொன்றுவிட்டது. என் பிள்ளை பொய் சொல்லிப் பழகாதவள். அட்டையில் நிம்மதியாக 'இல்லை' என்று போட்டுக் கையெழுத்தும் போடுவாள். அதன் பிறகு பெட்டியைத் திறந்து, ஜிப்பை இழுத்து, பொட்டலத்தை வெளியே எடுப்பார்கள். அவள் திருதிருவென்று முழிப்பாள். எனக்குத் தெரியாது என்பாள். ரெண்டு வருஷம் கண் விழித்துப் படித்தது அந்த ஒரு மேசையில் போய்விடும். வேலைக்குச் சேருமுன்னே கள்ளி என்ற பெயரோடு திரும்பி வருவாள். அதற்குக் காரணம் அவளைப் பெற்ற அப்பன்.

டீயைக் குடிக்காமலே எழுந்தேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரோரம் நின்று மெசேஜ் எழுதினேன். எழுதி அழித்தேன், மறுபடி எழுதினேன். 'மக்கா, பெரிய பெட்டியில் ஜிப் உள்ளே ஒரு பொட்டலம் புற்றுமண் இருக்கிறது. அப்பா வைத்தது. மறைக்காமல் ஏர்போர்ட் செக்கிங்கில் நீயே சொல்லிவிடு.' அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. ஆகாயத்தில் இருப்பவளுக்கு எப்படிப் போய்ச் சேரும்? இறங்கியதும் ஏர்போர்ட் வைஃபையைப் போட்டுக்கொள்வேன் என்று சொல்லியிருந்தாள். அதைப் போடுவதற்கு முன்னால் அந்த மேசைக்குப் போய்விட்டால்?

பதினோரு மணிவாக்கில் ஆப்பில் விமானம் அப்படியே நின்றுவிட்டது. கடல் நடுவில், அசையாமல். போனை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தது. ஐயோ, ஒரு பொட்டலம் மண்ணுக்காக இவ்வளவு பயந்தேனே, பெரிய பயம் இதோ வந்துவிட்டதே என்று பூ வியாபாரிகள் நிற்கிற இடத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பஸ் நின்றுபோனால் ஸ்டெப்னி மாற்றுவார்கள். இது நின்றால்? கால்மணி நேரம். அந்தக் கால்மணி நேரத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை. பிறகு விமானம் சட்டென்று குதித்து வேறொரு இடத்தில், கடல் தாண்டி, செம்மண் நிறமான தரைமேல் போய் நின்று நகர ஆரம்பித்தது. சிக்னல் விட்டுப்போனதாம். பாவிகள், அதை முதலிலேயே எழுதித் தொலைத்தால் என்ன? படத்தில் அந்த நாடு முழுவதும் மண்ணாகத்தான் தெரிந்தது. எங்கள் ஊர் ஒரு பிடி மண்ணுக்கு இவர்கள் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள் என்று கோபம் வந்தது. கோபம் நல்லது, கொஞ்ச நேரம் பயம் தெரியாது. அதுவும் வீடு வருமுன் போய்விட்டது.

ரெண்டரை மணிக்கு மனைவி டூட்டி முடிந்து வந்தாள். நான் சாப்பிடாமல் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னும் இறங்கலயா?" என்றாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொட்டலம், ஜிப், பட்டியல், விசா.

அவள் பையைக் கீழே போட்டாள். "என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய? அறிவிருக்கா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தாள். "முப்பது வருஷம் ஊரு உலகத்துக்கே டைம் சொன்ன மனுஷன், புள்ள பெட்டியில மண்ண வைப்பாரா? பாம்பு கடிச்சா அவ வேல பாக்க ஆஸ்பத்திரியிலயே ஊசி இருக்கும். உங்க பயத்த எதுக்கு அவ பெட்டியில கட்டி அனுப்புனிய?" என்னைக் கிழி கிழி என்று கிழித்தாள். எனக்கு அது வேண்டியும் இருந்தது. தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் நின்று, "விசாவ ரத்து பண்ணுவாங்கன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். காட்டினேன். கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படித்தாள். அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டுக்கொள்ளவும் இல்லை. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் என்மேல் இவ்வளவு கோபப்பட்டு அவளை நான் பார்த்ததில்லை.

மூணு பத்துக்கு விமானம் இறங்கிவிட்டதாக ஆப் காட்டியது. சரியான நேரம். ஒரு நிமிஷம் பிந்தவில்லை. அதைச் சொன்னேன், அவள் கேட்டதாகத் தெரியவில்லை. ஒற்றை டிக் அப்படியே இருந்தது. மூணே காலுக்கும் ஒற்றை டிக்தான். மூணரைக்கு ரெண்டாகி, கொஞ்ச நேரத்தில் நீலமானது. படித்துவிட்டாள். பதில் இல்லை. நாலு மணி ஆனது. மனைவி யூனிஃபார்ம் சேலை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. அவளைத் தனியே கூட்டிப் போய் உட்கார வைத்திருக்கிறார்கள், போனைப் பிடுங்கிவிட்டார்கள், அவ்வளவுதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

நாலு இருபதுக்குப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"எப்பா, வெளிய வந்துட்டேன்."

அவளே சொன்னாள். "பெட்டி வார இடத்துல நிக்கும்போதுதான் உங்க மெசேஜ் வந்துச்சு. கார்டுல இல்லன்னு போட்டு வச்சிருந்தேன். அத அடிச்சிட்டு ஆமான்னு போட்டேன். ஒரு லேடி ஆபீசர் தனி மேசைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு பொட்டலம் மண்ணு இருக்கு, எங்க அப்பா எனக்குத் தெரியாம வச்சிட்டாருன்னு சொல்லி நானே எடுத்துக் குடுத்தேன்."

"சரி மக்கா, சரி. அப்புறம்?"

"அப்புறம் மருந்துப் பையத் தொறந்தாங்க."

எதிரே உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள்.

"நம்ம ஆஸ்பத்திரி மாத்திரைக் கவருப்பா. காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு எழுதியிருக்கு. உள்ள மாத்திரை இல்ல, அதுலயும் புற்றுமண்ணு. நீங்க ஒரு பொட்டலம்னுதான எழுதியிருந்திய? ஒண்ணுன்னு சொல்லிட்டு ரெண்டு இருந்தா என்ன நினைப்பாங்க? அவங்க என்னயே பாத்துக்கிட்டு நின்னாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எப்பா, மருந்துப் பையில எதுக்கு வச்சிய?"

மருந்துப் பையைக் கட்டியவள் யார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கவர்கள் யார் கையில் புழங்குகிறவை என்பதும் தெரியும். மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவும் நான்தான் மக்கா. எழுத மறந்துட்டேன்" என்றேன்.

"சரிப்பா" என்றாள் மகள். நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "முதல்லயே நீங்களா ஆமான்னு சொன்னீங்க, அதனால இந்தத் தடவை விடுதோம்னு சொல்லிட்டு ரெண்டையும் எடுத்துக்கிட்டாங்க. பேர எழுதிக்கிட்டாங்க. இனிமே இந்த மாதிரி செய்யாதீங்கப்பா. செத்துப் பொழச்சேன்" என்றாள். கார் வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

முப்பது வருஷக் கத்தல் மொத்தமும் என் தொண்டைக்கு வந்து நின்றது. அறிவிருக்கா என்று என்னைக் கேட்டவள் அல்லவா? "எப்பட்டி வச்ச?" என்றேன்.

"அவ கார்ல ஏறுதுக்கு முன்னால."

"நான் சொல்லித் தெரிஞ்ச பிறகாவது அவளுக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்லா? வாயத் தொறந்து எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லணும்னுதான் வாயெடுத்தேன். உங்கள அம்புட்டு ஏசிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?" என்றாள். "அந்தப் பாம்பு அவ கால்ல ஊந்து போனப்ப நான்தான கொல்லை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க டூட்டியிலல்லா இருந்திய? எனக்கு மட்டும் பயமில்லன்னா நினைச்சிய?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். இத்தனை வருஷமும். வந்த கத்தலை அப்படியே விழுங்கிவிட்டேன். அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "ரெண்டையுமே எடுத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"எடுத்துக்கிட்டாங்க."

"அப்ப அவகிட்ட இப்ப ஒண்ணுமே இல்லையா?"

காலையிலிருந்து அந்த மண் அவளிடம் இல்லாமல் போகட்டும் என்றுதான் நான் ஒவ்வொரு நிமிஷமும் வேண்டிக்கொண்டிருந்தேன். வேண்டியது கிடைத்துவிட்டது. ஒரு பொட்டலமும் இல்லாமல், ஒரு துணையும் இல்லாமல், தெரியாத ஊரில் எவனோ ஓட்டுகிற காரில் என் பிள்ளை போய்க்கொண்டிருக்கிறாள். பயம் மறுபடியும் கிளம்பியது. காலையில் வந்த பயத்துக்காவது மூணு பத்து என்று ஒரு முடியும் நேரம் இருந்தது.

"எத்தன மணி நேரம்னு சொன்னிய?" என்றாள் மனைவி.

"ஏழு மணி நாற்பது நிமிஷம்."

"அது சிங்கப்பூர்ல இருந்துதான? இங்கன, நம்ம வீட்டுல இருந்து புறப்பட்டா அவகிட்டப் போய்ச் சேர எத்தன மணி நேரம் ஆகும்?"

ஊர்ப்பட்ட வண்டிக்கெல்லாம் நேரம் எழுதிய எனக்கு, அந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க அன்றைக்குத் தைரியம் வரவில்லை. "தெரியாது" என்று சொல்லிவிட்டு, காலையில் பால் பொங்கிக் காய்ந்து கிடந்த அடுப்பைத் துடைக்கப் போனேன்.